மழைப் படத்தில் ஒரு பொட்டு

போன சனிக்கிழமை நம் கடையில் நான் போட்ட கூச்சல் உங்கள் காதில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும். கேட்கட்டும். கண்ணாடி விரிசல் விட்ட பழைய படம் ஒன்றைச் சட்டத்திலிருந்து கழற்றி மேசையில் வைத்தீர்கள். அதில் இருந்த சிவப்புக் கறையைப் பார்த்ததும் உங்களில் ஒருவர், யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், துணியை நனைத்தார். நான் அளவுகோலால் மேசையில் ஓங்கி அடித்தேன். "அம்மாவுக்குப் பிரஷர் ஏறிடுச்சு, ஒரு கோப்பி வாங்கிட்டு வா" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. எனக்கு ரத்த அழுத்தம் இருப்பது உண்மைதான். ஆனால் அன்று ஏறியது அது இல்லை. கோபம். அதுவும் அன்றைக்குப் புதிதாக வந்ததில்லை, இந்த நாடு சுதந்திரம் வாங்கிய வருடத்திலிருந்து நான் வைத்திருக்கிற கோபம்.

வேலையை விட்ட பிறகும் சனிக்கிழமையானால் கடையில் வந்து உட்கார்ந்துகொண்டு குறை சொல்கிறாளே என்று என்னைப் பற்றி நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி வெட்டுவது, மூலை சேர்ப்பது, ஆணி அடிப்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு இப்போது நன்றாகத் தெரியும். பாதி வேலையை மெஷினே செய்துவிடுகிறது. கையை எப்போது எடுத்துக்கொள்வது என்பதை மட்டும் எந்த மெஷினும் சொல்லித் தராது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பொறுமை இருந்தால் படியுங்கள், இல்லாவிட்டால் படித்துவிட்டுப் பொறுமை வரவழைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது கடை மலாக்காவில் காஜா பெராங் சாலையில் இருந்தது. எனக்குக் கல்யாணமாகி ரொம்ப நாள் ஆகவில்லை. வீட்டுக்காரர் தெங்கேரா வழியாகப் போகிற பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தார். நான் படங்களுக்குச் சட்டம் போடுகிற இந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு பெண் வளையல் கையோடு கண்ணாடி வெட்டுவதை வேடிக்கை பார்க்கவே சிலர் வாசலில் நிற்பார்கள். நின்றால் நிற்கட்டும், கண்ணாடிக்கு ஆணா பெண்ணா என்று தெரியாது.

எங்களுக்குச் சோறு போட்டவை சாமி படங்கள், கல்யாணப் படங்கள், செத்தவர்கள் படங்கள். தமிழர்கள் வருவார்கள், சீனர்கள் வருவார்கள், பக்கத்துக் கம்பத்துக் குடியிருப்பிலிருந்து மலாக்கா செட்டிகள் வருவார்கள். வட்டிக்கடைச் செட்டியார்கள் வேறு, இவர்கள் வேறு. பல தலைமுறைக்கு முன்பே வந்து, மலாய் பேசி, கோயிலை மட்டும் விடாமல் வைத்திருப்பவர்கள். எந்த மொழி பேசினால் என்ன, எல்லோர் வீட்டிலும் செத்தவர்களுக்குச் சுவரில் ஓர் இடம் இருந்தது. அந்த இடத்துக்குத்தான் நாங்கள் சட்டம் செய்தோம்.

முதலாளி ஒரே ஒரு விதிதான் வைத்திருந்தார். "வந்தபடி போகணும்." படத்தில் கிறுக்கல் இருந்தாலும், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும், யாரோ ஒருவரின் முகத்தைக் கத்தரித்து எடுத்திருந்தாலும், கொண்டுவந்தவர் வாய் திறந்து கேட்காமல் நாம் தொடக் கூடாது. நல்ல விதி. அதைச் சொன்ன மனிதரும் நல்ல மனிதர். ஆனால் விதியைச் சொல்வது ஒன்று, அந்த விதிக்காக ஒருவர் முன்னால் நிமிர்ந்து நிற்பது இன்னொன்று. அந்த வித்தியாசத்தை அந்த வருடம்தான் நான் பார்த்தேன்.

சுதந்திரம் வரப்போகிறது என்றதும் கடையில் மூச்சுவிட நேரமில்லை. சங்கம், பள்ளிக்கூடம், கோப்பிக் கடை, முடிவெட்டுகிற கடை என்று எல்லோருக்கும் தலைவர்கள் படம் வேண்டும், அதற்குச் சட்டம் வேண்டும். அந்த நெருக்கடியில்தான் ஒரு நாள் வீராசாமி அண்ணன் வந்தார். புக்கிட் ரம்பாய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். பழைய குடைத்துணியில் சுற்றி சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த ஒரு தாளை என் மேசையில் விரித்தார். நான்கு மூலையிலும் விரல் வைத்து, தூங்குகிற குழந்தையைப் படுக்க வைப்பதுபோல விரித்தார்.

ஜப்பான் நாட்டுப் படம். மரக்கட்டையில் செதுக்கி, ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கட்டை வைத்து, தண்ணீரில் கரைத்த சாயத்தால் மெல்லிய தாளில் அச்சடித்தது. இதெல்லாம் முதலாளி பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்தது மழை மட்டும்தான். அவ்வளவு மழை. மேலிருந்து கீழாகச் சாய்ந்த மெல்லிய கோடுகள், அவ்வளவுதான், ஆனாலும் பார்த்ததும் நனைந்துவிடுவோம் என்று தோன்றியது. மலைச்சரிவு, வளைந்து ஏறுகிற பாதை, காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்த மூங்கில்கள். பாதையில் வழிப்போக்கர்கள். ஒருவன் குடையைக் காற்றுக்கு எதிராகப் பிடித்திருக்கிறான். இரண்டு பேர் யாரோ பணக்காரனைப் பல்லக்கில் தூக்கிக்கொண்டு போகிறார்கள். எல்லோருக்கும் பின்னால், கொஞ்சம் தள்ளி, தோளில் கம்பும் கம்பின் இரண்டு பக்கமும் மூட்டையுமாக ஒருவன் வருகிறான். பெரிய வைக்கோல் தொப்பி முகத்தை மறைத்திருக்கிறது. அந்தத் தொப்பியின் மேல், ரொம்பச் சின்னதாக, சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமப் பொட்டு.

"இது என் தம்பிம்மா" என்றார் வீராசாமி அண்ணன்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் கடைசியாக வருகிறவனைக் காட்டினார்.

"மாரி. சயாம்ல செத்துட்டான். ஒரு போட்டோகூட கெடையாது. தோட்டத்துல நமக்கு எங்கம்மா போட்டோ? இவன் நடக்கிறதப் பாருங்க. தலையக் குனிஞ்சுக்கிட்டு, ஒரு பக்கம் சாஞ்சாப்ல. அவன் இப்படித்தான் நடப்பான். அங்க மழையில மண்ணு சொமந்தப்பவும் இப்படித்தான், எல்லாருக்கும் பின்னால வருவான். நான் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போவேன்."

சயாம் ரயில் பாதையைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உங்கள் வீடுகளிலும் யாராவது போயிருப்பார்கள். ஜப்பான்காரன் தண்டவாளம் போடத் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்துக்கொண்டு போனான். அண்ணன் தம்பி இரண்டு பேரும் போனார்கள், அண்ணன் மட்டும் வந்தார். போர் முடிந்து ஜப்பான்காரன் ஓடியபோது, தோட்டத்துத் துரை பங்களாவில் தங்கியிருந்த அதிகாரி ஒருவனின் சாமான்களை வெளியே தூக்கிக் கொட்டியிருக்கிறார்கள். அந்தக் குப்பையில் கிடந்த படச் சுருளை வீராசாமி அண்ணனின் மனைவி எடுத்துவந்து கூலி லயத்து வீட்டுச் சுவரில் ஒட்டினார். கடலோரப் பாதை ஒன்று, பனி விழுந்த ஊர் ஒன்று, இந்த மழை ஒன்று.

"நான் திரும்பி வந்தப்ப என்னைய எனக்கே அடையாளம் தெரியலம்மா. ஆனா இந்தச் செவுத்தப் பாத்ததும் அவன அடையாளம் தெரிஞ்சுச்சு" என்றார்.

நானும் அந்தக் காலத்தில் ஜப்பான்காரனுக்குக் குனிந்து கும்பிடு போட்டு வளர்ந்த பிள்ளைதான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் கேட்டேன். "ஜப்பான்காரன் படமாச்சேண்ணே? பாக்கப் பாக்க ஒங்களுக்கு எரியலயா?"

"படம் போட்டவன் ஜப்பான்காரன். நடக்கிறவன் கூலிக்காரன்தானேம்மா?"

சுவரில் இருந்த மற்ற இரண்டு படங்களைக் கரையான் தின்றுவிட்டதாம். இதை மட்டும் அவர் பதமாக உரித்து எடுத்துக் காப்பாற்றியிருக்கிறார். தம்பி செத்த நாள் தெரியாது. அதனால் ஆடி அமாவாசைக்கு ஆடி அமாவாசை படத்தை எடுத்து, பொட்டு வைத்து, படைத்துவிட்டுச் சுருட்டி வைப்பார். வைத்து வைத்துத் தாள் அந்த இடத்தில் இற்றுப்போயிருந்தது. கண்ணாடி போட்டுக்கொடுத்தால் இனிமேல் கண்ணாடி மேல் வைத்துக்கொள்ளலாம், ஆடி அமாவாசைக்குள் வேண்டும் என்றார். முதலாளி தலையாட்டினார். நான் என் கையாலேயே செய்து தருகிறேன் என்றேன்.

இதையும் சொல்லிவிட வேண்டும். நான் அதற்கு முன் எத்தனையோ பெரிய படங்களுக்குச் சட்டம் போட்டிருக்கிறேன். எல்லாப் படத்திலும் ராஜா நடுவில் இருப்பான், கூலிக்காரன் இருக்கவே மாட்டான். இந்தப் படத்தில் பல்லக்கில் போகிற பணக்காரனின் முகமும் தெரியவில்லை, மூட்டை சுமக்கிறவனின் முகமும் தெரியவில்லை. மழை இரண்டு பேரையும் ஒன்றாகத்தான் நனைத்தது. வரைந்தவன் யாரோ, அவனுக்கு என் கும்பிடு.

இனி வருகிற பகுதிதான் என் கோபத்துக்குக் காரணம்.

ஆடி அமாவாசைக்குச் சில நாள்கள் இருந்தன. காலை நேரம். சட்டம் தயாராகிவிட்டது. படம் மேசையில் திறந்து கிடந்தது, நான் பின்பக்கம் அதற்கான கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மலாக்கா செட்டிப் பெண்மணி ஒருவர், சரோங்கும் கெபாயாச் சட்டையுமாக, தன் மாமியார் படத்துக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அப்போது சுதந்திர விழாக் குழுவின் செயலாளர் உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. மண்டபத்துக்கான தலைவர்கள் படங்கள் எல்லாவற்றையும் எங்களிடம்தான் கொடுத்திருந்தார். அவற்றோடு தன்னுடைய படத்தையும் பெரிதாக்கிக் கொடுத்திருந்தார். தலைவர்கள் வரிசையின் ஓரத்தில் மாட்டுவதற்காம். அது முடிந்துவிட்டது, கண்ணாடி போட்டுச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தோம்.

தன் முகத்தைக் கொஞ்ச நேரம் ரசித்துவிட்டுத் திரும்பியவர் கண்ணில் மழைப் படம் பட்டது.

"என்னாய்யா இது? ஜப்பான்காரன் படமா?" குனிந்து பார்த்தார். "பொட்டு வேற வச்சிருக்கு! ஜப்பான்காரனக் கும்புடுறானுங்களா இன்னும்? நாடு சுதந்திரம் வாங்கப் போவுது, இங்க எசமான் பூசை நடக்குதா?"

"வாடிக்கையாளர் படங்கய்யா" என்றார் முதலாளி. குரல் பாதிதான் வந்தது.

"யாரு படமா இருந்தா என்ன? சயாம்ல செத்தவங்களுக்கு இது எவ்வளவு பெரிய அவமானம் தெரியுமா? நம்ம பையனுங்க பாத்தா ஒங்க கடைய ஒடச்சிப் போட்டுருவானுங்க. நான் சொன்னாத்தான் சும்மா இருப்பானுங்க."

நான் கண்ணாடியை வைத்துவிட்டு முன்னால் வந்தேன். "ஐயா, அது கறை இல்லீங்க. அந்தப் பொட்டத் தொடாதீங்க. அது சாமி பொட்டும் இல்ல. படத்துக்காரரு வந்தா அவரே சொல்லுவாரு" என்றேன்.

"நீ உள்ள போய் வேலையப் பாரும்மா" என்றார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த குடிதண்ணீர்க் குவளையில் கைக்குட்டையை நனைத்தார். நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை சாமி படத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் புதுப்பொட்டு வைப்போம் இல்லையா? அந்தப் பழக்கம்தான் அவர் கைக்கு. சாமி படம் எண்ணெய் மையில் அச்சடித்தது, கண்ணாடியும் போட்டிருக்கும், துடைத்தால் பளபளக்கும். இது தண்ணீர்ச் சாயம், இற்றுப்போன தாள். நான் கையைப் பிடிக்கப் பாய்வதற்குள் அழுத்தித் தேய்த்துவிட்டார்.

குங்குமம் கரைந்து சிவப்பாகப் பரவியது. வைக்கோல் தொப்பி போயிற்று, குனிந்த தோள் போயிற்று, கம்பு பாதியில் நின்றுவிட்டது. தாள் பஞ்சுபோல எழும்பி வெள்ளையாகத் தெரிந்தது. மற்றவர்கள் எல்லோரும் மழையில் போய்க்கொண்டேயிருந்தார்கள். கடைசியில் வந்தவனை மட்டும் காணோம்.

செயலாளருக்கே ஒரு நிமிடம் முகம் மாறியது. "மட்டமான அச்சு" என்று சொல்லிக் கைக்குட்டையை மடித்தார்.

முதலாளி என்ன செய்தார் தெரியுமா? என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "போட்டோவுக்குக் கலர் தீட்டுற ஆள வரச் சொல்றேன். ஒரு தொப்பி, ஒரு மூட்டைதானே? வரைஞ்சு கண்ணாடி போட்டுட்டா அவருக்குத் தெரியவா போவுது?" என்றார். வந்தபடி போகணும் என்று எனக்குச் சொல்லித் தந்த அதே வாய்! தப்புச் செய்தவர் அங்கே விறைப்பாக நிற்கிறார், நாங்கள் ரகசியமாக அவருக்காகப் பூசி மெழுக வேண்டுமாம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "தன் தம்பி நடையத் தெரியாதா முதலாளி அவருக்கு?" என்று சத்தமாகவே கேட்டேன். செயலாளரின் காதிலும் விழட்டும் என்றுதான் கேட்டேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் சைக்கிள் வந்து நின்றது.

வீராசாமி அண்ணன் உள்ளே காலை வைத்ததும் செயலாளரைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டு தானாகக் கைக்கு இறங்கியது. "கும்புடுறேங்க கிராணி ஐயா" என்றார்.

"யாரு?"

"வீராசாமிங்க. மூனாம் நம்பர் லயம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த மனிதர் அந்தத் தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணியாக இருந்தவர். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் எல்லோரையும் நிறுத்தி வைத்து, சயாமுக்குப் போக வேண்டியவர்களின் பெயரை வாசித்தவர். வீராசாமி, மாரி என்று அடுத்தடுத்து வாசித்த வாய் இது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு கிழவி நியாயம் தெரியாமல் பேசுகிறாள் என்று சொல்லாதீர்கள். பெயர் எழுதியதற்காக நான் அவர்மேல் கோபப்படவில்லை. பக்கத்தில் வாளோடு ஒருவன் நிற்கும்போது கிராணி எழுதாமல் என்ன செய்வார்? நானாக இருந்தாலும் எழுதியிருப்பேன். பயத்தில் செய்ததை மன்னிக்கலாம். ஆனால் பயமெல்லாம் போன பிறகு, கஞ்சி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, செத்தவர்களுக்கு எது அவமானம் என்று செத்தவனின் அண்ணனுக்கே பாடம் நடத்தினால்? யார் எப்படி அழ வேண்டும் என்று அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுக்க இவர் யார்? இதைத்தான் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

முதலாளி ஏதோ மழுப்ப வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன். "அண்ணே, ஒங்க படத்த இவரு ஈரத்துணியால தேச்சிட்டாரு. வேணாம்னு சொன்னேன், கேக்கல. நாங்க ஒன்னும் மறைக்கல, நீங்களே வந்து பாருங்க."

அவர் மேசையருகே வந்து குனிந்தார். குடைக்காரனைப் பார்த்தார், பல்லக்குத் தூக்கிகளைப் பார்த்தார், பாதையோடு விரலை மெதுவாகக் கீழே கொண்டுவந்தார். விரல் அந்த வெள்ளைத் திட்டில் வந்து நின்றது.

"மாரி எங்கம்மா?"

என்னிடம்தான் கேட்டார். சத்தம் போடவில்லை, அழவில்லை. சந்தையில் கூட வந்த பிள்ளையைக் காணாதவர் பக்கத்திலிருப்பவரிடம் கேட்கிற மாதிரி கேட்டார்.

செயலாளர் தொண்டையைச் செருமினார். "வீராசாமி, எனக்கு எப்பிடிய்யா தெரியும்? பொட்டப் பாத்தேன், சாமின்னு நெனச்சிக் கும்புடுறாங்கன்னு நெனச்சேன். நல்ல எண்ணத்துலதான் தொடச்சேன். போனது போவட்டும், வேற நல்ல படமா தாறேன். இந்தா, தலைவர் படமே ஒன்னு எடுத்துக்க, வீட்டுல மாட்டு."

சாமி என்று நினைத்தாராம்! வழிப்போக்கர்கள் அத்தனை பேரில் கடைசியில் மூட்டை சுமக்கிறவன் ஒருவனுக்கு மட்டும் பொட்டு. அது எந்த ஊர்ச் சாமி? மனிதன் படத்துக்குப் பொட்டு வைத்தால் அவன் செத்துப்போனவன் என்று நம் வீட்டுச் சின்னப் பிள்ளைக்குத் தெரியும். தெரிந்தேதான் துடைத்தார். தோட்டத்தில் செத்தவன் எவனும் ஜப்பான் படத்தில் இருந்துகொண்டு தன் விழாவைக் கெடுக்கக் கூடாது என்று துடைத்தார்.

எங்கள் கடையில் பிள்ளையார் படத்துக்கு முன்னால் சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழும் இருக்கும். நான் நேராக அங்கே போனேன். மோதிரவிரலில் சந்தனம் எடுத்தேன், அதன்மேல் குங்குமம் எடுத்தேன். சுவரோரம் சாய்த்திருந்த செயலாளரின் படத்துக்கு முன்னால் குனிந்து, நெற்றி இருக்கிற இடமாகப் பார்த்து, கண்ணாடிமேல் அழகாக ஒரு பொட்டு வைத்தேன்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த செட்டிப் பெண்மணிக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அதுவரை நடந்த பேச்சில் ஒன்றுகூட அவருக்குப் புரிந்திருக்காது. அவர் மார்பில் கையை வைத்துக்கொண்டு, "அடோய்! ஓராங் மாசே இடோப்!" என்று அலறினார். ஐயோ, ஆள் இன்னும் உயிரோடு இருக்கிறாரே என்று.

செயலாளர் பாய்ந்து வந்தார். அந்த மனிதர் அவ்வளவு வேகமாக நகர்ந்து நான் பார்த்ததேயில்லை. அதே கைக்குட்டை, அதே ஈரம். கண்ணாடியைத் தேய் தேய் என்று தேய்த்தார். முகமெல்லாம் வியர்த்துவிட்டது.

"ஏய்! என்னா பண்ற நீ? புத்தி கெட்டுப் போச்சா? உசுரோட இருக்கிற மனுசனுக்குப் பொட்டு வைக்கிறியா?"

"கோச்சுக்காதீங்கய்யா. சாமின்னு நெனச்சுத்தான் வச்சேன்" என்றேன்.

செயலாளரின் கைக்குட்டை கண்ணாடிமேல் அப்படியே நின்றது. பொட்டுக்கு என்ன அர்த்தம் என்று தெரியாத மனிதர் இப்படியா பதறுவார்? அவருடைய பதற்றம்தான் அவர் சொன்னதற்கெல்லாம் பதில். அதை அவரும் கண்டார், நான் கண்டதையும் கண்டார், முதலாளி கண்டதையும் கண்டார்.

ஆனால் அதோடு முடியவில்லை. வீராசாமி அண்ணன் என் பக்கம் திரும்பினார். "தப்பும்மா. உசுரோட இருக்கிறவங்களுக்கு வைக்கக் கூடாது" என்றார். அப்புறம் செயலாளரின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, கண்ணாடியின் ஓரத்தில் இன்னும் ஒட்டியிருந்த குங்குமத்தைத் தன் துண்டால் துடைத்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, மிச்சம் இல்லை என்று தெரிந்ததும் எழுந்தார்.

"போயிடுச்சுங்க ஐயா. கண்ணாடிதானே, தொடச்சா போயிடும்" என்றார்.

செயலாளர் அவரைப் பார்க்கவேயில்லை. படங்களை ஆள் விட்டு எடுத்துக்கொள்கிறேன் என்று சுவரிடம் சொல்லிவிட்டு வெளியேறினார். அவர் சொன்ன பையன்கள் யாரும் கடையை உடைக்க வரவில்லை. மெர்டேக்கா என்கிற அந்தச் சுதந்திர விழாவில் சயாமில் மாண்டவர்களைப் பற்றி அவர் உருகி உருகிப் பேசியதாகவும், கூட்டமே கண்ணைத் துடைத்துக்கொண்டதாகவும் பிறகு கேள்விப்பட்டேன். கூட்டமும் துடைத்ததாம்! நான் போகவில்லை. அன்றைக்கு ஊரே சந்தோஷப்பட்டது, நானும் சந்தோஷப்பட்டேன், வீட்டில் பாயாசம் வைத்தேன். அந்த மண்டபத்துப் பக்கம் மட்டும் என் கால் போகவில்லை.

வீராசாமி அண்ணனுக்கு இருந்த அந்தப் பெருந்தன்மை எனக்கு இன்னும் வரவில்லை. இனி வரப்போவதுமில்லை. நல்லவர்கள் மன்னித்துக்கொள்ளட்டும், யாராவது ஒருத்தி கோபத்தை வைத்துக்கொண்டிருக்க வேண்டாமா?

செயலாளர் போனதும் முதலாளி வெட்கத்தோடு வந்தார். கலர் தீட்டுகிறவரை வைத்து அந்த ஆளைத் திரும்ப வரைந்து தரட்டுமா என்று இப்போது வெளிப்படையாகவே கேட்டார். வீராசாமி அண்ணன் யோசித்துவிட்டுத் தலையாட்டி மறுத்தார்.

"வேணாங்க. வரைஞ்சா அது வேற எவனோ. அவன் வந்துக்கிட்டிருந்த எடம் எனக்குத் தெரியும். அது போதும்."

ஈரம் தானாகக் காயும்வரை காத்திருந்து, அப்படியே, அந்த வெள்ளைத் திட்டோடும் சிவப்புக் கறையோடும் சட்டம் போட்டேன். வெட்டவில்லை, மறைக்கவில்லை, எதையும் பூசவில்லை. கண்ணாடியை ஆணி அடித்து இறுக்கித் தூக்கி நிறுத்தியதும் அவர் என்னிடம் சந்தனம் கேட்டார். கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தேன். குடைக்காரனிலிருந்து தொடங்கி, கண்ணாடி மேலேயே விரலால் பாதையை அளந்துகொண்டு வந்தார். "இங்கதாம்மா வந்துக்கிட்டிருந்தான்" என்று சொல்லி, ஆளில்லாத அந்த இடத்தில் பொட்டு வைத்தார். நான் கும்பிட்டேன். செட்டிப் பெண்மணியும் எழுந்து வந்து கும்பிட்டார்.

அவர் சைக்கிளில் படத்தைக் கட்டிக்கொண்டு போன பிறகு, முதலாளி வேறு வேலை எதுவும் செய்யாமல் மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "நான் அப்பவே தடுத்திருக்கணும்" என்றார். "ஆமா முதலாளி" என்றேன். பரவாயில்லை, விடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பரவாயில்லாத விஷயத்துக்குத்தான் பரவாயில்லை என்று சொல்ல வேண்டும்.

இவ்வளவையும் ஏன் எழுதுகிறேன் என்று இன்னும் உங்களுக்குப் புரிந்திருக்காவிட்டால் சொல்கிறேன். பெரிய மனிதர்கள் நம் மேசைக்கு வருவார்கள், அவசரப்படுத்துவார்கள், அதட்டுவார்கள். அவர்களுடைய வேலையைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று கை குறுகுறுக்கும். அப்போது கேள்வி ஒன்றுதான். மேசையில் கிடக்கிற படம் யாருடையது? அதட்டுகிறவருடையது இல்லை. உங்களுடையதும் இல்லை. அது யாருடையதோ அவர் அங்கே இல்லாத நேரத்தில் அவருக்காகப் பேச உங்களைத் தவிர வேறு ஆள் கிடையாது. பேசத் தெரியவில்லை என்றால் ஆணி அடிக்கத் தெரிந்து என்ன பயன்?

இனி போன சனிக்கிழமைக்கு வருகிறேன். கண்ணாடி மாற்ற வேண்டும் என்று அந்தப் படத்தைக் கொண்டுவந்து கொடுத்த பெண், பத்து பெரெண்டாமில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். வீராசாமி அண்ணனின் மகள். நீங்கள் அவளிடம் எந்த அளவு, எந்த நிறம், எப்போது வேண்டும் என்றெல்லாம் கேட்டீர்கள். இது யார் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். அவளுக்கு முதல் எழுத்துத் தெரியும் முன்னே இந்தப் பாதையில் விரல் வைத்துக் காட்டியிருக்கிறார் அவளுடைய அப்பா.

படம் இப்போது பின்னறை மேசையில் இருக்கிறது. மழை இன்னும் பெய்துகொண்டுதான் இருக்கிறது. குடைக்காரன் போகிறான், பல்லக்கு போகிறது. அவர்களுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் திட்டும், அதைச் சுற்றி மங்கிய சிவப்பும் இருக்கும். நனைத்த துணியைக் கீழே போட்டுவிட்டுப் போய்ப் பாருங்கள். அது கறை இல்லை. அதன் பெயர் மாரி.